ஆறு மணிப் பூட்டு, ஐந்தரை மணி இருட்டு: மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

மாநகராட்சிப் பூங்காக்கள் ஆண்டு முழுவதும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் மட்டுமே திறந்திருக்கும் என்றும், தெருவிளக்குகள் மாலை 6:30க்கு எரியத் தொடங்கி அதிகாலை 5:30க்கு அணைந்துவிடும் என்றும் தங்கள் அலுவலகம் இந்த மார்ச் மாதம் உத்தரவிட்டிருக்கிறது. அந்த உத்தரவைத் திரும்பப் பெறக் கோரியே இதை எழுதுகிறோம். நாங்கள் இந்த ஊரில் இயன்முறை மருத்துவமும் முதியோர் செவிலியமும் செய்பவர்கள். முழங்கால் மாற்று அறுவை முடிந்தவர், பக்கவாதத்திலிருந்து எழுந்தவர், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து உள்ளவர் என்று எத்தனையோ பேருக்கு ‘தினமும் நடங்கள்’ என்று எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. அவர்கள் நடக்க வந்து நிற்பது தங்கள் பூங்காக் கதவுக்கு முன்னால்.

நம் ஊரில் குளுமையான நேரம் இருட்டாக இருக்கிறது, வெளிச்சமான நேரம் சுடுகிறது. இந்த உத்தரவு அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. வயதானவர்களுக்கு நடக்க ஏற்ற நேரம் விடியலுக்கு முன்னும் பின்னும் சேர்ந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம். பொழுது சாய்ந்த பிறகு அதே அளவு. வெப்பம் அந்த நேரத்தில்தான் விட்டுக் கொடுக்கிறது. அதே நேரத்தில்தான் மாநகராட்சி கதவைப் பூட்டுகிறது, விளக்கை அணைக்கிறது.

வானிலையும் பகல் நீளமும் முதியோரின் நடமாட்டத்தை எப்படி மாற்றுகின்றன என்ற ஆய்வுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டவை. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் 3,000க்கும் மேற்பட்ட நடுத்தர வயதினருக்கும் முதியோருக்கும் இடுப்பில் அசைவுமானி கட்டிப் பார்த்து 2017இல் வெளியிட்ட முடிவு இந்தத் துறையில் பலருக்கும் தெரிந்தது. பகல் குறுகி, குளிரும் மழையும் கூடும் நாட்களில் அங்கே எல்லோருடைய அசைவும் குறைகிறது. ஆனால் தினமும் நாயை நடக்க அழைத்துப் போகிறவர்கள், மிக மோசமான வானிலை நாளிலும், நாய் இல்லாதவர்கள் நல்ல வெயில் நாளில் நடந்ததைவிட அதிகமாக அசைந்திருக்கிறார்கள். தட்டிக் கழிக்க முடியாத ஒரு வழக்கம் இருந்தால் வானிலை தோற்றுவிடும் என்பதுதான் அதன் சாரம். (அங்கே நாய் முதியவரை வெளியே இழுக்கிறது; இங்கே நாய்தான் அவரை வீட்டுக்குள் விரட்டுகிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.) லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம், டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. தமிழ்நாட்டில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதனால்தான் ‘ஆண்டு முழுவதும் ஒரே நேரம்’ என்று எழுதிவிடத் தோன்றுகிறது. கையெழுத்துப் போடும் முன் அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே விழுகிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

சென்னைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். உள்மாவட்டமான நமக்குச் சில நிமிடம் தள்ளிப்போகும். ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5:42 வாக்கில் உதிக்கிறது. ஜனவரி கடைசியில் 6:35 ஆகிவிடுகிறது. மார்கழி போனால் விடியல் முன்னேறிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தை பிறந்த பிறகும் உதயம் பின்னால்தான் போய்க்கொண்டிருக்கும். காலை இருட்டு அதிகமாக இருப்பது பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் ஒட்டிய வாரங்களில். மாலையில் வேறு கணக்கு. சூரியன் சீக்கிரம் மறைவது டிசம்பரில் அல்ல, நவம்பர் பிற்பாதியில், 5:40க்கெல்லாம். தாமதமாக மறைவது ஜூலையில், 6:40 வாக்கில். இன்னொன்று: நம் அட்சரேகையில் அந்திப்பொழுது மிகக் குறுகியது. உதயத்துக்கு முன்னும் மறைவுக்குப் பின்னும் இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான் தரை கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் இருக்கும். அதற்கு அப்பால் விளக்கு இல்லாவிட்டால் பள்ளம் எது, நிழல் எது என்று தெரியாது.

இந்தக் கணக்கை உத்தரவோடு பொருத்திப் பாருங்கள். ஜனவரி கடைசியில் தரை தெரிய 6:13 ஆகும். விளக்கு 5:30க்கே அணைந்துவிடும். நாற்பது நிமிடத்துக்கு மேல் தெரு முழு இருட்டு. நவம்பர் மாலையில் 6 மணிக்கெல்லாம் தரை மறைந்துவிடும். விளக்கு வர 6:30. மழைக்காலம் வேறு, சாலையில் தண்ணீர் நிற்கும், வடிகால் மூடி திறந்து கிடக்கும். ஜூலையிலோ ஏழு மணி வரை வானத்தில் வெளிச்சம் இருக்க, விளக்குகள் அரை மணி நேரம் வீணாக எரியும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தான் இந்த நேரம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். தேவையில்லாத மாதத்தில் எரிந்து தேவையான மாதத்தில் அணையும் விளக்கில் என்ன மிச்சம்?

இது காகிதத்தில் உள்ள நேரம். தெருவில் உள்ள நேரம் இன்னும் மோசம். பல வட்டங்களில் (வார்டுகளில்) தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் இருப்பது பழைய டைமர். உள்ளே பேட்டரி செத்துப்போனால், இரண்டு மணி நேரம் மின்தடை வந்தால் அந்த டைமரும் இரண்டு மணி நேரம் பின்தங்கிவிடும். அப்புறம் அந்தத் தெருவில் விளக்கு எட்டரைக்கு வரும், காலை ஏழரைக்கு அணையும். யாராவது புகார் சொன்னால் லைன்மேன் வந்து கையால் திருப்பி வைப்பார். அடுத்த மின்தடை வரை ஓடும். அட்சரேகை, தீர்க்கரேகையைப் பதிந்துவிட்டால் அன்றன்றைய உதயத்தையும் மறைவையும் தானே கணக்கிட்டுக்கொள்ளும் டைமர்கள் சந்தையில் கிடைக்கின்றன. வானவெளிச்சத்தை உணரும் சென்சாரும் உண்டு. ஆனால் சென்சாரை மரக்கிளைக்கு அடியில் மாட்டினால் அது பகலிலும் விளக்கை எரிய வைக்கும். தூசு படிந்தாலும் அப்படித்தான். ஆகவே டைமர் முறையே நமக்குப் பொருந்தும்.

வெயிலுக்கு வருவோம். வயதான உடம்புக்கு வெப்பத்தை வெளியேற்றும் வழிகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. வியர்வை தாமதமாகச் சுரக்கிறது, குறைவாகச் சுரக்கிறது. தோலுக்கு ரத்தம் போவது மட்டுப்படுகிறது. தண்ணீர் தேவைப்படும்போது தாகம் எடுப்பதில்லை. இதற்கு மேல் மருந்துகள். ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் நீர் மாத்திரை உடம்பில் உள்ள தண்ணீரையும் உப்பையும் இறக்கிவிடும். அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏற விடாமல் பிடித்து வைப்பதால், வெப்பத்தைத் தள்ளத் தேவையான ரத்த ஓட்டமும் கூடாது. நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் வியர்வை நின்றுபோயிருக்கும், சூடும் உறைக்காது. இவரைப் பூங்காவுக்குள் ஆறு மணிக்கு விட்டு, சித்திரை மாதத்தில் ‘ஒன்பது மணி வரை நேரம் இருக்கிறதே’ என்று சொல்வது பயனில்லாத சலுகை. அக்னி நட்சத்திரத்தில் எட்டரை மணிக்கே முப்பது டிகிரியைத் தாண்டிவிடும். எங்கள் ஆட்கள் நடக்க வேண்டியது ஐந்து மணிக்கு. அந்த நேரத்தில் கதவில் பூட்டுத் தொங்குகிறது.

மாலை 4 மணித் திறப்பு இன்னும் விநோதம். கோடையில் உள்மாவட்டங்களில் பகல் வெப்பம் உச்சத்தைத் தொடுவது பிற்பகல் இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள். நான்கு மணிக்கு அது இறங்கத் தொடங்கியிருக்குமே தவிர இறங்கியிருக்காது. கடலோர ஊர்களில் கடற்காற்று வந்து கொஞ்சம் காப்பாற்றும். நமக்கு அதுவும் இல்லை. சிமெண்ட் தரை பகலெல்லாம் குடித்த சூட்டைப் பொழுது சாயும்வரை கக்கிக்கொண்டிருக்கும். மாநகராட்சி போட்டிருக்கும் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளின் இரும்பு இருக்கையில் மே மாதம் நாலரை மணிக்குக் கை வைத்துப் பாருங்கள். காற்று திரும்பி, தரை ஆறி, வயதானவர் மூச்சு வாங்காமல் இரண்டு சுற்று வரத் தயாராகும் நேரம் ஏழு மணி. காவலர் விசில் ஊதுவதும் ஏழு மணிக்குத்தான்.

காலை நேரத்தைப் பற்றி இன்னொரு விஷயம். வயது ஏற ஏற உடம்பின் உறக்கக் கடிகாரம் முன்னால் நகரும். எட்டரை, ஒன்பதுக்கே கண் சொருகி, நான்கு, நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். இது நோயல்ல, இயல்பு. விழித்தவர் ஆறு மணி வரை என்ன செய்வார்? பலர் கதவுக்கு வெளியே திட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். பொறுமை இல்லாதவர்கள் புறவழிச்சாலைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே டிப்பர் லாரிகள் வெறும் சாலை என்று நினைத்து வரும் நேரம் அது. வெள்ளை வேட்டி தூரத்திலிருந்து தெரியும் என்று அவர்கள் நம்புகிறார்கள். எதிரே வரும் வண்டியின் விளக்கு கூசும்போது ஓட்டுநருக்கு அதுவும் தெரியாது.

பெண்களின் நிலை வேறு. அறுபது தாண்டிய பெண்களில் பலருக்கு ஆறரைக்குள் வீடு திரும்பியாக வேண்டும். பால் காய்ச்ச வேண்டும், பேரப்பிள்ளையைப் பள்ளி வேனுக்குக் கிளப்ப வேண்டும். ஆறு மணிக்குத் திறக்கும் பூங்கா அவர்களுக்குத் திறக்காத பூங்காதான். இருட்டுத் தெருவில் நடக்கச் சொல்லவும் முடியாது. நாயைவிடச் செயின் பறிப்புக்குத்தான் அவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. எங்களிடம் சிகிச்சைக்கு வருபவர்களில் ‘நடக்கவே இல்லை’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காரணம் சோம்பல் அல்ல என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் குடும்பத்தார் சோம்பல் என்றுதான் சொல்கிறார்கள்.

‘காலை ஏழு மணி வெயில் நல்லதுதானே, வைட்டமின் டி கிடைக்குமே’ என்று தங்கள் அலுவலகத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டது. தோலில் வைட்டமின் டி உருவாக்கும் கதிர், சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில் தரைக்கு வந்து சேருவது மிகக் குறைவு. அது பலமாக இருப்பது பத்து மணிக்கு மேல். காலை வெளிச்சத்துக்கு வேறு பலன் உண்டு. இரவு உறக்கத்தை ஒழுங்குபடுத்தும். அது வேண்டுமென்றால் ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்கி விடிந்த பிறகு பத்து நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்து வந்தாலே போதும். கதவை ஆறு மணி வரை பூட்டி வைக்க அது காரணம் ஆகாது.

வெளிச்சத்தின் அளவும் தரமும் பற்றி: அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்கிவிடும், லென்ஸ் மஞ்சளாகிவிடும். கண்புரை இருந்தால் விளக்கைச் சுற்றி ஒளி சிதறிக் கூசும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் பழக நேரமாகும். ஆகவே ‘விளக்குப் போட்டிருக்கிறோமே’ என்பது போதாது. பூங்காக்களில் இப்போது நிற்பவை ஒன்பது மீட்டர் கம்பத்தில் சாலைக்கு வைக்கும் வெள்ளை எல்இடி விளக்குகள். அவை மரங்களின் தலைக்கு மேலே எரிகின்றன. நடைபாதை இலை நிழலில் கிடக்கிறது. ஒரு கம்பத்தடியில் கண் கூச, அடுத்த கம்பம் வரை ஒன்றும் தெரியாத இருட்டு. வேர் தூக்கிய கல் அந்த இருட்டில்தான் இருக்கும். நடைபாதைக்கு வேண்டியது மூன்றரை, நான்கு மீட்டர் உயரத்தில், கிளைகளுக்குக் கீழே, ஒளியைத் தரைக்கு மட்டும் தள்ளும் மூடியோடு, மஞ்சள் சாயல் கொண்ட விளக்கு. அதிக வாட் தேவையில்லை. இடைவெளியில்லாமல் சீராக விழ வேண்டும், அவ்வளவே.

மழைக்காலத்தை உத்தரவு தொடவே இல்லை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்கிறது. அந்த மாதங்களில் வயதானவர்கள் வாரக்கணக்கில் வீட்டுக்குள் முடங்குவதைக் கண்ணால் காண்கிறோம். வாலிபத்தில் இரண்டு வாரம் சும்மா இருந்தால் மீட்டுக்கொள்ளலாம். முதுமையில் தசை போவது வேகம், திரும்புவது தாமதம். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், கால் தசை மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ குறைந்திருந்தது. வீட்டில் இருப்பது படுக்கையில் இருப்பது ஆகாது. ஆனாலும் கட்டிலும் டிவியும் நாற்காலியும் என்று ஒரு மாதம் போனால் பொங்கலுக்குள் ஆள் கைப்பிடி இல்லாமல் எழுந்திருக்கத் திணறுவார். மழை விட்டதும் வெளியே வருகிறார். கால் தளர்ந்திருக்கிறது, தரை வழுக்குகிறது. விழுவது அப்போதுதான்.

தரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேவர் கல் பதித்த பாதையில் மண் இறங்கிய இடத்தில் கல் ஒரு பக்கம் தூக்கும். ஒரு சென்டிமீட்டர் தூக்கினாலே போதும். பாதத்தைத் தரையோடு இழுத்து நடக்கும் வயதில் செருப்பு நுனி அதில் தட்டும். நிழலில் இருக்கும் கல்லில் ஐப்பசி முதல் பாசி பிடிக்கும். பார்க்கப் பச்சையாகத் தெரியாது, கறுப்பாக இருக்கும். சோப்புத் தேய்த்தது போல வழுக்கும். புதிதாக ‘அழகுபடுத்திய’ இரண்டு பூங்காக்களில் வாசல் படியிலும் மேடையிலும் பளபளக்கும் டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். வெளிப்புறத்தில் அதை ஒட்டச் சொன்ன ஒப்பந்தக்காரர் மழை நாளில் ஒருமுறை அதில் இறங்கி வர வேண்டும். கூழாங்கல் பதித்த எட்டு வடிவ நடைபாதையும் அப்படித்தான். எட்டுப் போடுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, திரும்பித் திரும்பி நடப்பது சமநிலைக்கு நல்லது. ஆனால் செருப்பைக் கழற்றச் சொல்லும் பலகை கூடாது. உணர்ச்சி மரத்த சர்க்கரைக் காலில் கல் குத்தினதும் தெரியாது, வெயிலில் பொத்ததும் தெரியாது. புண் வைத்த பிறகு மூன்றாம் நாள் ஈரமான காலுறையைப் பார்த்துத்தான் தெரியும்.

உத்தரவுக்குச் சொன்ன காரணங்கள் இரண்டு: செலவு, பாதுகாப்பு.

செலவைக் கணக்குப் போடுவோம். ஒரு பூங்காவில் 45 வாட் விளக்கு இருபது என்று வைத்துக்கொண்டால் 900 வாட். நாலே முக்காலிலிருந்து ஆறு வரை ஒன்றேகால் மணி நேரம் எரித்தால் ஒரு யூனிட்டும் கொஞ்சமும். யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் நாளொன்றுக்குப் பத்து ரூபாய் சொச்சம். இடுப்பெலும்பு முறிந்து அறுவை அரங்குக்குப் போகும் ஒரு முதியவரின் செலவு எவ்வளவு என்று அரசு மருத்துவமனைக் கணக்கிலேயே கேட்டுப் பார்க்கலாம். பாதுகாப்பு என்பது நியாயமான கவலைதான். ஆனால் பூங்காவில் குடித்துவிட்டுக் கிடப்பவர்களின் நேரம் இரவு பத்துக்கு மேல். அதிகாலை ஐந்து மணிக்கு ஐம்பது பேர் சுற்றி வரும் இடத்தில் யாரும் பாட்டில் உடைப்பதில்லை. காவலருக்கு வேலைநேரம் ஆறு மணியிலிருந்துதான் என்றால், காலைச் சாவியை நடைப்பயிற்சியாளர் சங்கத்திடம் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். மாநகராட்சிக்கு இதில் ஒரு காசு செலவில்லை.

நாய்கள் விஷயம். கருத்தடைத் திட்டம் அதன் வேகத்தில் நடக்கட்டும். அதற்கு முன் ஒன்று செய்யலாம். பூங்கா வாசலை ஒட்டியே குப்பைத் தொட்டி வைத்திருக்கிறீர்கள். சனி, ஞாயிறுகளில் கோழிக்கடைக் கழிவும் அதில் விழுகிறது. நாய்க்கூட்டம் அங்கேயே படுத்து, அங்கேயே இடத்துக்குச் சண்டை போடுகிறது. கைத்தடி ஊன்றி வருபவரைப் பார்த்தால் குச்சி ஓங்கி வருகிறார் என்று அவை மிரளும். தொட்டியை நூறு மீட்டர் தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியவர். இப்போது அந்தப் பங்கு கூடியிருக்கிறது. மாநில அரசு 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது, இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே அனுப்புகிறது. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டம்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அறுபத்தைந்து தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதைத்தான் இந்தத் திட்டங்களும் மக்களிடம் சொல்கின்றன. வெப்ப எச்சரிக்கை வரும் நாட்களில் பகல் 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள் என்று தங்கள் ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாகப் போகிறது. எந்த நேரத்தில் வரலாம் என்று சொல்லும் பொறுப்பும் அதே அலுவலகத்துடையதுதானே?

எங்கள் கோரிக்கைகள் இவை.

பூங்கா நேரத்தைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை 4:45 முதல் 8:30, மாலை 5:30 முதல் 9:30. ஜூலை முதல் செப்டம்பர் வரை காலை 5 முதல் 9, மாலை 4:30 முதல் 9. அக்டோபர் முதல் மார்ச் வரை காலை 5:30 முதல் 10:30, மாலை 3:30 முதல் 8:30. பனிக்காலத்தில் மூச்சிரைப்பு, ஆஸ்துமா உள்ளவர்களை எட்டு மணிக்கு மேல்தான் நாங்கள் நடக்கச் சொல்கிறோம், அவர்களுக்கு ஒன்பது மணிப் பூட்டு உதவாது. நேரம் மாறும் தேதியை ஒரு வாரம் முன்பே வாசலில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள்.

தெருவிளக்குகள் சூரிய மறைவுக்குப் பத்து நிமிடத்துக்குள் எரிந்து, உதயத்துக்குப் பத்து நிமிடம் முன்பு அணையட்டும். உதயத்தைக் கணக்கிடும் டைமர்களை முதலில் பூங்கா, கோயில், ஆவின் பால் பூத்துக்குப் போகும் தெருக்களில் மாட்டுங்கள். முதியவர்கள் நடக்கும் பாதை அதுதான். மற்ற இடங்களில் டைமர் மாறும்வரை மாதத்துக்கு ஒருமுறை லைன்மேன் அட்டவணைப்படி நேரத்தைத் திருத்தி, சுவிட்ச் பெட்டிக்குள் தேதியோடு கையெழுத்துப் போடட்டும்.

கழிப்பறை பூங்காவோடு சேர்ந்து திறக்க வேண்டும். நீர் மாத்திரை சாப்பிடுபவர் கழிப்பறை பூட்டியிருக்கும் இடத்துக்கு நடக்க வரமாட்டார்; வந்தால் மாத்திரையைத் தவிர்த்துவிட்டு வருவார், அது இன்னும் கெடுதல். ஒரு மேற்கத்தியக் கோப்பை, பக்கத்துச் சுவரில் ஒரு பிடிக்கம்பி போதும்.

பெஞ்சுகள் அறுபது மீட்டருக்கு ஒன்று, தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில், சாய்மானத்தோடும் கைப்பிடியோடும் நிழலில் அமையட்டும். கைப்பிடி இல்லாத கருங்கல் பலகையில் உட்காரலாம், எழுந்திருக்கத்தான் முடியாது. பூங்காவுக்கு வரும் தெருக்களில் நடைபாதை உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தடையில்லாத அகலம் 1.8 மீட்டர் வேண்டும் என்று சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டியே சொல்கிறது. நம் ஊரில் ஒரு முழ உயரத்துக்கு ஏற்றிக் கட்டி, மேலே பைக் நிறுத்தியிருக்கிறார்கள்.

மழை மாதங்களில் வாரம் ஒருமுறை பாசியைக் கம்பி பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடரும் கொண்டு தேய்த்து, நன்றாகக் கழுவிவிடச் சொல்லுங்கள். தூக்கிய கற்களைச் சமன்செய்யும் வேலை செப்டம்பருக்குள் முடியட்டும். பளபளப்பு டைல்ஸைப் பெயர்த்துச் சொரசொரப்பானது பதியுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வட்டத்துக்கு ஒரு தரைத்தளக் கூடத்தைக் காலை ஆறரை முதல் ஏழரை வரை எங்களுக்குத் திறந்து கொடுங்கள். சமுதாயக்கூடமோ மாநகராட்சிப் பள்ளித் தாழ்வாரமோ எதுவும் சரி. முப்பது நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் டைல்ஸில் நழுவும் என்பதால் சுவரில் முதுகு ஒட்டப் போட வேண்டும். நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்துமுறை, ஓய்வு, மறுபடி பத்துமுறை. சாய்மானத்தைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது பதினைந்துமுறை. ஒற்றைக் காலில் பத்து நொடி. கூடத்தைச் சுற்றிப் பத்து நிமிட நடை. இவற்றை நடத்த எங்களில் இருவர் மாறி மாறி வரத் தயாராக இருக்கிறோம், சம்பளம் கேட்கவில்லை. மழை பெய்தாலும் அங்கே போயாக வேண்டும் என்ற வழக்கம் ஒன்று அவர்களுக்குக் கிடைக்கட்டும்.

வாசல் பலகையில் இப்போது ‘புல்வெளியில் நடக்காதீர்’ என்று மட்டும் இருக்கிறது. அதன் கீழே நாங்கள் எழுதித் தரும் இந்த வரிகளையும் சேருங்கள்: கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள் (இதய பலவீனத்துக்குத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்கவும்). இன்சுலினோ கிளிமிப்பிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம், சட்டைப் பையில் சர்க்கரை அல்லது மிட்டாய் இருக்கட்டும். வெயில் நாளில் முப்பது நிமிடத்தைப் பத்துப் பத்தாகப் பிரித்து நடக்கலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். தலைசுற்றல், குமட்டல், நெஞ்சு இறுக்கம் வந்தால் உடனே நிழலில் உட்காருங்கள். நெஞ்சு வலியோ பேச்சுக் குழறலோ இருந்தால் 108.

கோடை தொடங்கிவிட்டது. நேர மாற்றமும் சாவி ஏற்பாடும் கையெழுத்தளவில் முடிகிற வேலைகள். அவற்றை ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் அறிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். டைமர், விளக்குக் கம்பம், தரை வேலைகளுக்கு எந்த வட்டத்தில் எந்த மாதம் என்ற பட்டியலை அடுத்த மாமன்றக் கூட்டத்தில் வையுங்கள். இவற்றில் முடியாது என்று தாங்கள் கருதுவது எதுவோ, அதற்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
இவ்வூர் இயன்முறை மருத்துவர்கள், முதியோர் நலச் செவிலியர்கள்